உன் மீட்டர் யாருடைய சக்கரத்துக்கு?

பெரிய டயரை மாட்டிவிட்டுப் பழைய மீட்டரை நம்பி ஓட்டுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டர் 96 என்று காட்டும். அவனும் 96 என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். மீதி நாலு கிலோமீட்டர் எங்கே? யாரும் திருடவில்லை. அவனே ஓட்டினான், அவனே டீசல் போட்டான், அவனுடைய டயர்தான் தேய்ந்தது. கணக்கில் விட்டதும் அவனேதான்.

தம்பி, தங்கச்சி, இது டயரையும் மீட்டரையும் பற்றிய கட்டுரைதான். ஆனால் திட்டப்போவது உங்களை.

எட்டு வருஷமாக வெல்டிங் பிடித்த கை உன்னுடையது. புது முதலாளி எதிரில் நிற்கிறாய். “சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறே?” என்கிறார். “நீங்களே பாத்துக் குடுங்க சார்” என்று தலையைச் சொறிகிறாய். பார்த்துத்தான் கொடுப்பார். நீ போடும் வெல்டிங்கையா பார்த்தார்? உன் குரலைப் பார்த்தார். கையாளாகச் சேர்ந்த முதல் நாளில் உனக்குள் பொருத்தப்பட்ட மீட்டர் அந்தக் குரல். அன்றைக்கு அந்த அளவு சரி, சக்கரம் சின்னது. இன்றைக்குச் சக்கரம் வளர்ந்துவிட்டது. மீட்டர் மட்டும் இன்னும் அந்தப் பையனுக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டு முன்னறையில் நாலு மெஷின் போட்டு, ஆறு பெண்களுக்கு வாரா வாரம் கூலி கொடுக்கிறாய். என்ன செய்கிறாய் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், “சும்மா வீட்லதான் தச்சுக்கிட்டிருக்கேன்” என்கிறாய். சும்மாவா? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வீட்டில் அடுப்பு எரிவது உன் கணக்கில். அதற்குப் பெயர் சும்மாவா?

சரி, ஒரு பேப்பர் எடு. கணக்கு என்றதும் முகத்தைத் திருப்பாதே. பெருக்கத் தெரிந்தால் போதும்.

போலிரோவை எடுத்துக்கொள்வோம். அதன் டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர்15 என்று போட்டிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 215-இல் 75 சதவீதம் 161.25. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். கூட்டினால் 703.5. இதுதான் கம்பெனி டயரின் மொத்த உயரம்.

அதே ரிம்மில் பலரும் ஆசைப்பட்டு மாட்டுவது 235/75 ஆர்15. இதே மாதிரி போட்டுப் பார். 733.5 வரும். வித்தியாசம் முப்பது மில்லிமீட்டர். அதுவும் மேலே பாதி, கீழே பாதி. கிட்டே நின்று பார்த்தால்கூடச் சிலருக்குத் தெரியாது. ஆனால் 733.5-ஐ 703.5-ஆல் வகுத்தால் 1.0426. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி முன்பைவிட நூற்றுக்கு நாலே கால் பங்கு கூடுதலாகப் போகிறது. மீட்டர் 60 என்று காட்டும்போது 62.6. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மையில் ஓடியது 1,04,264. நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சொந்தக் கணக்கிலேயே காணாமல் போயிருக்கிறது.

ஏன் இப்படி? மீட்டர் ரோட்டைப் பார்ப்பதில்லை. அதற்குக் கண் கிடையாது. சுற்றை மட்டும் எண்ணும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்ததைப் பெருக்கிக் காட்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் இப்படி ஒரு கருவியைத் தன் நூலில் விவரித்திருக்கிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. அது 400 தடவை சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். பல்சக்கரங்கள் அதை எண்ணி, மைலுக்கு ஒரு கூழாங்கல்லைப் பாத்திரத்தில் ‘டங்’ என்று போடும். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் அந்த வண்டிக்கு எவனாவது பெரிய சக்கரத்தை மாட்டியிருந்தால்? மைல் தாண்டிய பிறகுதான் கல் விழும். வண்டிக்காரன், ‘இன்னும் ஒரு மைலே வரவில்லை’ என்று மாட்டை அடித்திருப்பான்.

உன்னை நீ அடித்துக்கொள்வதும் அந்த அடிதான்.

பெரிய டயர் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் புலம்பல் ஒன்று உண்டு: “மைலேஜ் விழுந்துடுச்சுண்ணே.” டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்போது 40 லிட்டர் பிடித்திருக்கும். மீட்டரில் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 12.5 என்று கணக்குப் போட்டு, முன்பு 13 கொடுத்த வண்டியாயிற்றே என்று தலையில் கை வைப்பான். ஓடியது 500 இல்லை ஐயா, 521! லிட்டருக்கு 13. கனமான டயர் கொஞ்சம் டீசலைக் கூடத் தின்னும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விழுந்தது என்று அவன் அழுகிற அழுகையில் பெரும்பகுதி, எண்ணப்படாமல் போன கிலோமீட்டருக்கான அழுகை. சிலர் அதைக் கேட்டுப் பயந்து நல்ல டயரைக் கழற்றிப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு வருவார்கள். இதைவிட வயிற்றெரிச்சல் உண்டா?

நீயும் கழற்றினாய். புதிதாக ஒரு பொறுப்பு வந்தது. ஆறு மாதம் ராப்பகலாகப் பார்த்தாய். ‘முன்ன மாதிரி வேகமா வேலை நடக்கலியே, நமக்கு இது ஒத்து வராது’ என்று பழைய மேஜைக்கே எழுதிக் கேட்டுத் திரும்பிவிட்டாய். அந்த ஆறு மாதத்தில் நீ கடந்த தூரத்தை எந்த மீட்டரில் பார்த்தாய்? பழைய வேலைக்கு அளந்த மீட்டரில். அங்கே ஒரு நாளைக்கு முப்பது பைல் முடித்தாய். இங்கே ஒரு பைல் முப்பது பேருடைய பிழைப்பைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் எண்ணிக்கையால் ஒப்பிட்டால் தோற்றுத்தான் போவாய்.

அதற்காக உன்னை நீயே ஊதிக் காட்டு என்றும் நான் சொல்லவில்லை. கண்ணாடி முன் நின்று “நான் புலி, நான் சிங்கம்” என்று தினமும் கத்தச் சொல்லும் வகுப்புகள் ஊருக்கு நாலு நடக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மீட்டர் கண்ணாடியைக் கழற்றி, முள்ளைக் கைவிரலால் நூறில் தள்ளி வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. முள் நூறில் நிற்கும். வண்டி ஷெட்டில் நிற்கும்.

மீட்டர் பெட்டிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பழைய கேபிள் மீட்டரைப் பிரித்தால் தெளிவாகத் தெரியும். கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. சுழலும் வேகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தைக் கூடவே இழுக்கும். மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று அதைப் பின்னால் பிடித்து இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1902-இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷூல்ட்ஸே காப்புரிமை பெற்ற யுக்தி இது. அதே கேபிள் பக்கத்தில் பல்சக்கரங்களையும் சுழற்றும். அவை கிலோமீட்டர் எண்களைத் தள்ளும், அதற்குப் பெயர் ஓடோமீட்டர். ஆக, முள் சொல்வது காந்தமும் ஸ்பிரிங்கும் பேசி முடித்த ஓர் அபிப்பிராயம். எண் சொல்வது பல்லுக்குப் பல் கணக்கு.

அபிப்பிராயம் முகஸ்துதி செய்யும். சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. வாகன விதி எண் 39, வேகமுள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. நீ 80-இல் போகும்போது முள் 92 வரை காட்டினாலும் விதிப்படி குற்றமில்லை. அதனால் கம்பெனிக்காரர்கள் முள்ளைக் கொஞ்சம் தூக்கியே வைப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெரிய டயர் போட்ட பிறகு செல்போன் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வேகமுள் கச்சிதமாகப் பொருந்தலாம். முன்பு தூக்கிக் காட்டியதை டயர் ஈடுகட்டியிருக்கும். “பாத்தீங்களா, மீட்டர் கரெக்ட்டாயிடுச்சு!” என்று டயர் மாட்டியவன் துள்ளுவான். பக்கத்திலேயே கிலோமீட்டர் எண் நாலு சதவீதம் பின்தங்கி வருவது அவன் கண்ணில் படாது. நாலு பேர் முகநூலில் கைதட்டினால் நம் முள் சரியாக நிற்பதாக நினைக்கிறோமே, அந்தத் துள்ளல்தான். உன்னைப் பற்றி உனக்கு இருக்கும் எண்ணத்தைக் கொஞ்சம் ஓரமாக வை. நீ செய்து முடித்ததை எண்ணு. பற்றவைத்த குழாய்கள், அதில் கசியாதவை எத்தனை. தைத்துக் கொடுத்த உருப்படிகள், அதில் திரும்பி வந்தவை எத்தனை. அதுதான் ஓடோமீட்டர்.

எதை வைத்துச் சரிபார்ப்பது? பக்கத்தில் போகும் பஸ்ஸை வைத்துப் பார்க்காதே. அவன் மீட்டர் எந்த லட்சணத்தில் இருக்கிறதோ! சித்தப்பா மகன் வாங்கும் சம்பளம், பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய மாடி, இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள். ஓடாத ஒன்று வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஓரம் மஞ்சள் தலைக் கல், மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலைக் கல். அது உன் சொந்தக்காரன் இல்லை, உன் எதிரியும் இல்லை. நீ ஏழையா பணக்காரனா என்று கேட்காது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். (ரோடு அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி நட்ட இடங்களும் உண்டு. அதனால் ஒரே ஒரு கிலோமீட்டரை நம்பாதே. பத்துக் கல் தொடர்ச்சியாக ஓட்டு, ஜி.பி.எஸ்.ஸையும் பக்கத்தில் வை.)

வீட்டு வாசலிலேயே இன்னொரு சோதனை. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரியாக வை. டயரின் பக்கச் சுவரில், தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்கார வைத்து, டயர் கோடு மறுபடி நேர் கீழே வரும்வரை வண்டியை மெதுவாகத் தள்ளு. தரையில் மறு கோடு போட்டு டேப்பை விரி. புது டயரின் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 2,304 மில்லிமீட்டர் வர வேண்டும். டேப்பில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். பாரம் ஏறினால் டயர் அடியில் அமுங்குகிறது. அதற்காகக் கணக்கு பொய்யென்று பேப்பரைக் கிழித்துப் போடாதே. பழைய டயரும் இப்படித்தான் அமுங்கியது. குடும்ப பாரத்தோடு ஓடுகிறவனைக் குடும்ப பாரத்தோடுதான் அளக்க வேண்டும். பாரமே இல்லாத எவனோ ஒருவனுடைய வேகத்தை எடுத்துவந்து உன் முன் நீட்டினால், “வண்டியில ஆள் ஏத்திட்டு வாங்க, பேசலாம்” என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இப்போது சரிசெய்கிற வேலை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கேபிள் வண்டியில் கியர் பாக்ஸின் பின்பக்கம் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பினியன் இருக்கும். மீட்டர் பினியன். பல வண்டிகளில் பிளாஸ்டிக்; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும் பிடிக்க. ஆயிலில் ஊறி வழுக்கும். துணியால் துடைத்து, ஒரு பல்லில் பேனா மையால் புள்ளி வைத்துவிட்டு எண்ணு. உதாரணத்துக்கு 21 பல் என்று வை. 21-ஐப் பழைய டயர் உயரத்தால் பெருக்கிப் புதிய உயரத்தால் வகு. 20.14 வரும். 20 பல் பினியன் போதும். பல் குறைந்தால் பினியன் வேகமாகச் சுற்றும். விட்டுப்போன கிலோமீட்டர் கணக்கில் ஏறும்.

பார்த்தாயா? நாலாயிரம் கிலோமீட்டரை விழுங்கிய பொய்க்கு மருந்து ஒரே ஒரு பல். டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம், மீட்டரை உடைக்க வேண்டாம், முள்ளை வளைக்க வேண்டாம். உன் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டிப் போடு என்று உன்னிடம் யாராவது சொன்னால் அவரிடமிருந்து ஓடிவிடு. “நீங்களே பாத்துக் குடுங்க” என்ற இடத்தில் “இவ்வளவு வேணும் சார், நான் இன்னின்ன வேலை முடிச்சிருக்கேன்” என்று வை. “சும்மா தைக்கிறேன்” என்ற இடத்தில் “தையல் யூனிட் வச்சிருக்கேன், ஆறு பேர் வேலை செய்யறாங்க” என்று வை. மாற்ற வேண்டிய பல் அவ்வளவுதான்.

இப்போதைய வண்டிகளில் பினியனும் கேபிளும் போய் சென்சார் வந்துவிட்டது. சக்கரமோ ஷாஃப்ட்டோ சுற்றச் சுற்றத் துடிப்புகளை அனுப்பும், கம்ப்யூட்டர் எண்ணும். சில வண்டிகளில் ஸ்கேனரை மாட்டி டயர் அளவை மாற்றி எழுதலாம். முடியாதவற்றில் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே துடிப்பைத் திருத்தும் சின்னப் பெட்டி ஒன்றைச் சேர்ப்பார்கள். வழி மாறினாலும் கணக்கு அதே 1.0426.

ஆனால் ஒன்று. அளவைத் திருத்தச் சொன்னேனே தவிர, மீட்டரைப் பின்னால் ஓட்டச் சொல்லவில்லை. 1,80,000 ஓடிய வண்டியை 60,000 என்று காட்டி விற்கிற கூட்டம் செய்வது மோசடி. சரியான திருத்தம் ஏற்கெனவே ஏறிய எண்ணில் கை வைக்காது. இனி ஏறும் எண்ணைத்தான் நேராக்கும். டயர் மாற்றிய அன்று மீட்டர் என்ன காட்டியது என்று ஆர்.சி. கவரிலேயே ஒரு சீட்டில் எழுதி வை. பத்தாவதில் பெயிலானாயா? இருக்கட்டும். தொழில் ஒருமுறை முங்கியதா? அதுவும் ஓடிய தூரம். அதை அழித்துவிட்டு வருகிறவனை நம்பி நான் என் வண்டியைக்கூடக் கொடுக்கமாட்டேன்.

பெரிய சக்கரத்துக்குக் கூலியும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். சக்கரம் நாலு சதவீதம் உயர்ந்தால் தரையில் கிடைக்கும் இழுப்பு அதே அளவு குறையும். மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியது இரண்டாவதைக் கேட்கும். பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். பதவி உயர்ந்த முதல் வருஷம் மூச்சு வாங்குகிறதே, அது தகுதிக் குறைவு இல்லை. கியர் மாற்ற வேண்டிய மேடு. எனக்கு எதுவும் ஆகாது என்று 31 அங்குல டயரை மாட்டிக்கொண்டு வந்து நிற்காதே. அங்கே வித்தியாசம் பன்னிரண்டு சதவீதம். மீட்டர் 80 என்னும்போது வண்டி கிட்டத்தட்ட 90-இல் போகும், மட்கார்டில் உரசும். தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் டயரைத்தான் முதலில் பார்ப்பார். கம்பெனி அனுமதித்த அளவுகள் எவை என்று கேட்டுவிட்டு அதற்குள் பெரிதாகப் போ. தைரியம் வேறு, கண்மூடித்தனம் வேறு என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒருமுறை திருத்தினால் ஆயுசுக்கும் போதும் என்றும் நினைக்காதே. புது டயரில் தரையைப் பிடிக்கும் பட்டனின் ஆழம் எட்டு மில்லிமீட்டர் இருந்தால், சட்டம் விடும் கடைசி அளவான 1.6-க்குத் தேயும்போது விட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். ஒன்றே முக்கால் சதவீதம். அன்றைக்கு மீட்டர் உன்னைக் கூட்டிக் காட்டும். பேர் வாங்கிய பிறகு உழைப்பு தேய்ந்தவர்களின் மீட்டர் அப்படித்தான் காட்டுகிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது கல்லுக்குக் கல் ஓட்டிப் பார்.

நாளைக் காலை வெயில் ஏறுமுன் கிளம்பு. முதல் மஞ்சள் கல்லில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்திப் பார். 9.6 என்று காட்டினால் வண்டியிலேயே உட்கார்ந்து கணக்குப் போடு. எத்தனை பல் பினியன் வேண்டும் என்று சீட்டில் எழுதிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் நீட்டு. “இதெல்லாம் யாருப்பா உனக்குச் சொன்னது?” என்று கேட்பார்.

“நான்தாண்ணே கணக்குப் போட்டேன்” என்று சத்தமாகச் சொல்.